ஒரு டிகிரி சூட்டோடு மல்லுக்கட்டு: சிப்பில் ஒளிச் சீப்பு எடுத்த அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு மாதம் போராடி, சிலிக்கான் நைட்ரைடு சிப் ஒன்றில் ஒற்றைச் சாலிட்டான் (வடிவம் மாறாமல் சுற்றும் ஒரே ஒளித்துடிப்பு) சீப்பை எடுத்தாகிவிட்டது, இப்போது ராத்திரி முழுக்க அணையாமல் நிற்கிறது. அந்த நான்கு மாதத்தில் ஒளியோடு மல்லுக்கட்டிய நாட்களைக் கூட்டினால் மூன்று வாரம் தேறும். மிச்சம் அத்தனையும் சூட்டோடு. அதுவும் பெரிய சூடு இல்லை, தலைமுடி அளவுகூட அகலமில்லாத ஒளி ஓடும் ஒரு அலைவழிக்குள் ஏறி இறங்கும் சுமார் ஒரு டிகிரி.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. ஒரே நிற லேசரை ஒரு சின்ன வளையத்துக்குள் விடுகிறோம். அதற்குள் ஒளி நூற்றுக்கணக்கான சுற்று சுற்றி, செறிவு ஏறி, கெர் விளைவால் (செறிவான ஒளி, தான் போகும் பொருளின் ஒளிவிலகல் எண்ணையே மாற்றும் விளைவு) புதுப் புது நிறங்களைப் பெற்றுப்போடுகிறது. அவை தாறுமாறாக வருவதில்லை, சம இடைவெளியில், சீப்பின் பற்களைப் போல வரிசையாக வருகின்றன. ஒரு பல்லின் அதிர்வெண்ணும் பற்களின் இடைவெளியும் தெரிந்தால் மற்ற எல்லாப் பற்களின் அதிர்வெண்ணும் தெரிந்துவிடும், அதாவது ஒளிக்கு ஒரு அளவுகோல். இந்தச் சீப்பு உத்திக்காகத்தான் ஹென்ஷும் ஹாலும் 2005இல் இயற்பியல் நோபலில் பங்கு பெற்றார்கள். அப்போது அது மேசை நிறைய இடம் பிடிக்கும் துடிப்பு லேசர். 2007இல் ஜெர்மனியின் கார்ஷிங்கில் ஒரு கண்ணாடி நுண்வளையத்திலேயே சீப்பை வரவழைத்துக் காட்டினார்கள், 2010இல் அது சிலிக்கான் நைட்ரைடு சிப்புக்கு வந்தது. நாம் பேசுவது அந்த வம்சத்து சிப்.

என் வளையத்தின் ஆரம் 230 மைக்ரோமீட்டர். அலைவழி 800 நானோமீட்டர் தடிமன், 1600 நானோமீட்டர் அகலம், சுற்றிலும் சிலிக்கான் டைஆக்சைடு, மேலே ஒரு உலோக மைக்ரோஹீட்டர். ஒரு சுற்று 1.445 மில்லிமீட்டர், குழு ஒளிவிலகல் எண் (அலைவழிக்குள் ஒளித்துடிப்பு எத்தனை மடங்கு மெதுவாகிறது என்பது) 2.1 என்று வைத்தால் பல் இடைவெளி 98.8 ஜிகாஹெர்ட்ஸ் வரும். இந்த 800 நானோமீட்டர் தடிமன் சும்மா இல்லை. மெல்லிய படலமாக இருந்தால் சிதறல் (நிறத்துக்கு நிறம் ஒளியின் வேகம் மாறுவது) நார்மல் பக்கம், அதாவது நீண்ட அலைநீளம் வேகமாகப் போகும் பக்கம் போய்விடும், பிரகாசமான சாலிட்டான் பிறக்காது. ஆனால் நைட்ரைடு படலம் தனக்குள் இழுவிசையோடு படிகிற ஆசாமி, 400 நானோமீட்டர் தாண்டினாலே விரிசல் விடப் பார்க்கும். அதனால் தடித்த படலம் செய்பவர்கள் முன்கூட்டியே பள்ளம் வெட்டி நிரப்புவது போன்ற வேலைகளைச் செய்கிறார்கள். நான் செய்யவில்லை, செய்துவந்த சிப்பை வாங்கினேன், அவ்வளவுதான்.

மேசை மேல்: நிறம் மாற்றக்கூடிய 1550 நானோமீட்டர் பக்கத்து லேசர், அரை வாட் தரும் எர்பியம் பெருக்கி, பெருக்கியின் இரைச்சலை வெட்ட ஒரு பட்டை வடிகட்டி, போலரைசேஷனை (ஒளி அலை ஆடும் திசையை) திருப்பும் மூன்று துடுப்பு, இருபுறமும் லென்ஸ் முனை ஃபைபர், சிப்புக்கு அடியில் சூட்டை ஏற்றி இறக்கும் பெல்டியரும் அதை அளக்கும் தெர்மிஸ்டரும். ஃபைபரிலிருந்து சிப்புக்குள் போகும்போது 3 டெசிபல், வெளியே வரும்போது 3 டெசிபல் போய்விடும். ஆக உள்ளே 100 மில்லிவாட் வேண்டும் என்றால் முனையில் 200 வரவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் போகவே கூடாது. இன்னொன்று, கனெக்டரைத் துடைக்காமல் இந்தச் சக்தியை ஏற்றாதீர்கள். நான் ஒருமுறை அவசரத்தில் துடைக்காமல் மாட்டினேன், ஒரு தூசு எரிந்து ஃபைபர் முகமே கருகிப்போனது. அதோடு அந்த நாள் முடிந்தது.

சரி, முதல் வேலை குறைந்த சக்தியில் வளையத்தின் ஒத்ததிர்வுகளை (உள்ளே ஒளி சேர்ந்து ஏறும் அதிர்வெண்களை) அளப்பது. லேசரை மெதுவாக ஓட்டினால் வெளியே வரும் ஒளியில் குழிகள் தெரியும், ஒவ்வொரு குழியும் ஒரு ஒத்ததிர்வு. லேசர் சொல்லும் அலைநீளத்தை அப்படியே நம்பக்கூடாது, ஓட்டம் சீராக இருக்காது. அதற்காக ஒரு ஃபைபர் குறுக்கீட்டுமானி கட்டினேன். ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையை மற்றதைவிட 1 மீட்டர் நீளமாக்கி மறுபடி சேர்த்தால் 204 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு அலை வரும், அதுவே அளவுகோல். இரண்டு கப்ளரும் மிச்சமிருந்த ஃபைபரும் போதும். கட்டியதிலேயே அதிகம் உபயோகப்பட்ட சாமான் இதுதான்.

குழியின் அகலம் 60 மெகாஹெர்ட்ஸ் வந்தது, அதாவது க்யூ (ஒளியின் அதிர்வெண்ணை அகலத்தால் வகுத்த எண், பெரிதாக இருந்தால் இழப்பு குறைவு) 32 லட்சம். மோசமில்லை. 1520 நானோமீட்டர் பக்கம் மட்டும் குழிகள் அகலமாக இருந்தன. அது படலத்துக்குள் மாட்டிக்கொண்ட நைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்பின் கைவரிசை. 1200 டிகிரி அளவில் மணிக்கணக்காக வாட்டி எடுத்து அதை விரட்டுவார்கள், முழுசாகப் போகவில்லை என்று தெரிந்தது. 1550இல் தொந்தரவு இல்லையே என்று விட்டுவிட்டேன். அங்கே உறிஞ்சப்படும் சொச்ச ஒளிதான் பின்னால் என் தூக்கத்தைக் கெடுக்கப்போகிற சூடு என்பது அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை.

இதற்கடுத்து ஒரு முட்டாள்தனம் செய்தேன். துடுப்பைத் திருப்பி, எந்த நிலையில் குழி ஆழமாக வருகிறதோ அதுதான் சரியான போலரைசேஷன் என்று முடிவுகட்டி, சக்தியை ஏற்றினேன். சீப்பு வரவில்லை. இன்னும் ஏற்றினேன். ஒத்ததிர்வின் குழி சூட்டில் நகர்ந்து முக்கோணமாகச் சாய்ந்ததே தவிர ஒரு பல்கூட முளைக்கவில்லை. இப்படியே இரண்டு வாரம். பெருக்கியைச் சந்தேகப்பட்டேன், சிப்பைச் சந்தேகப்பட்டேன், சிப்பின் விளிம்பைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். கடைசியில் ஒருநாள் சும்மா உட்கார்ந்து குழிகளின் இடைவெளியை எண்ணிப் பார்த்தால் 97 ஜிகாஹெர்ட்ஸ் சொச்சம். வடிவமைப்புக் காகிதத்தில் 98.8 போட்டிருக்கிறது. நான் இத்தனை நாளும் டிஎம் (மின்புலம் சிப்புக்குச் செங்குத்தாக ஆடும் முறை) வரிசையில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த வளையத்தில் டிஎம்முக்குச் சிதறல் நார்மல், அங்கே தலைகீழாக நின்றாலும் பல் முளைக்காது. குழியின் ஆழம் இணைப்பு எவ்வளவு பொருந்துகிறது என்பதை மட்டும்தான் சொல்லும், எந்த முறை என்று சொல்லாது. ஆழத்தைப் பார்க்காதீர்கள், இடைவெளியை எண்ணுங்கள்.

டிஇ (மின்புலம் சிப்பின் தளத்தில் ஆடும் முறை) பக்கம் திருப்பியதும் எல்லாம் மாறியது. பம்ப், அதாவது சக்தி ஊட்டும் லேசர், நிற்கும் ஒத்ததிர்விலிருந்து இருபுறமும் 50 குழி வரை எண்ணி, சம இடைவெளியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று வரைந்தால் அழகான பரவளைவு. ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி 1 மெகாஹெர்ட்ஸ் கூடிக்கொண்டே போகிறது, ஆக 50ஆவது குழி சுமார் 1.25 ஜிகாஹெர்ட்ஸ் தள்ளியிருக்கிறது. அனாமலஸ் சிதறல் என்பது இதுதான், சாலிட்டான் பிறக்கத் தேவையானதும் இதுதான். ஒரு இடத்தில் மட்டும் இரண்டு குழி பரவளைவை விட்டு விலகி நின்றன, வேறொரு முறை வந்து குறுக்கே வெட்டுகிற இடம் அது. அதற்குப் பக்கத்தில் பம்ப் பண்ணாமல் பத்துப் பன்னிரண்டு ஒத்ததிர்வு தள்ளிப் போனேன்.

தொடக்க சக்தி, அதாவது பற்கள் முளைக்கத் தேவையான குறைந்தபட்ச சக்தி, கணக்குப்படி 4 மில்லிவாட் வந்தது, நிஜத்தில் 5இல் முதல் பற்கள் முளைத்தன. பம்பிலிருந்து ஒன்பது இடம் தள்ளி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. அதைப் பார்த்த நிமிஷம் மறக்காது. இன்னும் சக்தி ஏற்றி லேசரை நீண்ட அலைநீளத்துப் பக்கம் மெல்ல நகர்த்த, இடையில் காலியாக இருந்த இடமெல்லாம் நிரம்பி, திரை முழுக்கப் பல் பல்லாக நின்றது. 1480இலிருந்து 1620 வரை, எண்ணினால் 170க்கு மேல். படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

லேபில் ஒரு அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆர்எஃப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பம்பை மட்டும் வடிகட்டிவிட்டு மிச்சத்தை ஃபோட்டோடையோடில் போட்டு ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) அனலைசரில் பார்த்தால், பூஜ்யத்திலிருந்து பல நூறு மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே மேடாக இரைச்சல். அதாவது பற்கள் இடத்தில் நிற்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் துள்ளிக்கொண்டிருக்கின்றன. கேயாஸ் நிலை. ஆப்டிகல் ஸ்பெக்ட்ரம் அனலைசர் மெதுவாகச் சராசரி எடுக்கிற கருவி, அதன் கண்ணுக்கு இது நல்ல சீப்பு மாதிரியே தெரியும். அளவுகோல் என்று சொன்னேனே, இதை வைத்து ஒன்றையும் அளக்க முடியாது. அனுப்பிய படங்களைத் திரும்ப வாங்கவா முடியும்.

உருப்படியான சீப்புக்குச் சாலிட்டான் வேண்டும். வளையத்துக்குள் ஒரே ஒரு குறுந்துடிப்பு, சிதறல் அதை விரிக்கப் பார்க்க, கெர் விளைவு அதைச் சுருக்கப் பார்க்க, இழப்பைப் பம்ப் ஈடுகட்ட, வடிவம் மாறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கான சமன்பாட்டை லூஜியாட்டோவும் லெஃபெவரும் 1987இலேயே எழுதிவிட்டார்கள், 2014இல் மெக்னீசியம் ஃபுளோரைடு படிக வளையத்தில் அதை நேரில் கண்டார்கள், 2016இல் சிலிக்கான் நைட்ரைடிலும் காட்டினார்கள். லேசரை ஒத்ததிர்வின் நீலப் பக்கத்திலிருந்து (குறைந்த அலைநீளம்) சிவப்புப் பக்கத்துக்கு (நீண்ட அலைநீளம்) ஓட்ட வேண்டும், அந்தத் தாண்டலில் கேயாஸ் நிலை உடைந்து சில துடிப்புகள் மிஞ்சும். ஆசிலோஸ்கோப்பில் அது ஒரு படிக்கட்டாகத் தெரியும் என்று எல்லாக் கட்டுரையிலும் படம் போட்டிருக்கும்.

படிக்கட்டு தெரிந்தது. இரண்டு மைக்ரோ விநாடிகூட நிற்காமல் போனது. மறுபடி ஓட்டினேன், மறுபடி தெரிந்தது, மறுபடி போனது. வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் கதைதான், ஒரு நாளைக்கு நூறு தடவை.

ஏன் போகிறது என்பதற்கு ஒரு தாளில் கணக்குப் போட்டேன், அதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். சிலிக்கான் நைட்ரைடு வளையம் ஒரு டிகிரி சூடானால் ஒத்ததிர்வு சுமார் 2.5 ஜிகாஹெர்ட்ஸ் சிவப்புப் பக்கம் நகரும், அலைநீளத்தில் 20 பிக்கோமீட்டர். 100 மில்லிவாட்டில் நான் பார்த்த முக்கோணத்தின் அகலமும் கிட்டத்தட்ட அதே 2.5 ஜிகாஹெர்ட்ஸ்தான். அதில் கொஞ்சம் கெர் விளைவின் பங்கு, பெரும்பகுதி சூடு. ஆக, கேயாஸ் நிலையில் வளையம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகச் சூடேறியிருக்கிறது. சாலிட்டானுக்கு மாறுகிற கணத்தில் வளையத்துக்குள் இருக்கும் ஒளி சட்டென்று விழுகிறது. ஒளி விழுந்தால் சூடு விழும், சூடு விழுந்தால் ஒத்ததிர்வு நீலப் பக்கம் ஓடும், லேசர் தனியாகச் சிவப்புப் பக்கத்தில் நிற்கும். சாலிட்டான் எவ்வளவு விலகலைத் தாங்கும்? பம்ப் சக்தி தொடக்க சக்தியைப் போல் 25 மடங்கு என்று வைத்துக்கொண்டால் அதன் எல்லை ஒத்ததிர்வின் அரை அகலத்தைப் போல் சுமார் 31 மடங்கு, அதாவது 900 மெகாஹெர்ட்ஸ் சொச்சம். ஓடுகிற தூரம் ஒன்றரை இரண்டு ஜிகாஹெர்ட்ஸ், தாங்குகிற தூரம் ஒரு ஜிகாஹெர்ட்ஸ்கூட இல்லை. சாலிட்டான் பிறக்காமல் இல்லை. பிறந்த இடத்தில் தரை நிற்கவில்லை.

வழி என்ன என்று தேடினால் நிறையவே இருக்கிறது. படி தெரிந்ததும் லேசரைப் படு வேகமாக நீலப் பக்கம் திருப்பலாம், ஒற்றைப் பக்கப்பட்டை மாடுலேட்டர் (லேசரின் அதிர்வெண்ணைச் சட்டென்று நகர்த்தும் கருவி) வைத்திருப்பவர்கள் சூடு கண்விழிக்கும் முன்னாலேயே ஓடித் தாண்டிவிடுகிறார்கள். என் லேசரின் நிறத்தை நகர்த்தும் பியசோ சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் மூச்சு வாங்கும், அந்த வழி அடைபட்டது. அடுத்தது ஹீட்டர். லேசரை அசையாமல் வைத்துவிட்டு வளையத்தை நகர்த்துவது. இதில் திசை குழப்பும், அதனால் எழுதி ஒட்டிக்கொண்டேன்: ஹீட்டர் சூடாக இருக்கும்போது ஒத்ததிர்வு லேசரைவிடச் சிவப்பில் நிற்கும், மின்னோட்டத்தைக் குறைக்கக் குறைய அது நீலப் பக்கம் வந்து லேசரைத் தாண்டும், தாண்டியதும் கொஞ்சம் மின்னோட்டத்தை ஏற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபங்ஷன் ஜெனரேட்டரில் இதற்கென ஒரு அலைவடிவம் வரைந்து, இறங்கும் சாய்வு, திரும்பும் நேரம், திரும்பும் உயரம் மூன்றையும் மாற்றி மாற்றி முயன்றேன். என் ஹீட்டர் சொன்னதைக் கேட்க பத்து இருபது மைக்ரோ விநாடி எடுக்கிறது, சாலிட்டான் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். முப்பது முறைக்கு ஒருமுறை நின்றது. நின்றபோது ஆர்எஃப் திரையில் அந்த மேடு அப்படியே மறைந்து, வெறும் தரை தெரிந்தது, அதுவே முதல் நிஜ வெற்றி. ஆனால் முப்பதுக்கு ஒன்று என்பது அதிர்ஷ்டம், முறை இல்லை.

இன்னொன்றும் அப்போது கவனித்தேன். ஹீட்டரின் மின்தடை 400 ஓம், 5 வோல்ட் கொடுத்தால் ஒத்ததிர்வு 25 ஜிகாஹெர்ட்ஸ் நகர்கிறது. நகர்வு வோல்ட்டின் வர்க்கத்தோடு போவதால் 3 வோல்ட் பக்கத்தில் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 6 மெகாஹெர்ட்ஸ். நான் மாட்டியிருந்த பவர் சப்ளையில் 5 மில்லிவோல்ட் ரிப்பிள் (மின்னழுத்த ஏற்ற இறக்கம்) இருந்தது, அதாவது 30 மெகாஹெர்ட்ஸ் ஆட்டம், ஒத்ததிர்வின் பாதி அகலம்! ஒரு மின்தடையும் பெரிய கெப்பாசிட்டரும் போட்டு வடிகட்டினால் வேகமான அலைவடிவம் போகாது. அதனால் நிலையான மின்னழுத்தத்தை வடிகட்டிய சப்ளையிலிருந்தும் வேகமான துண்டை ஜெனரேட்டரிலிருந்தும் எடுத்துக் கூட்டினேன்.

முழுத் தீர்வாக வந்தது துணை லேசர். யோசனை ரொம்ப எளிமையானது. வளையத்தின் வேறொரு ஒத்ததிர்வில், எதிர்த் திசையிலிருந்து, இரண்டாவது லேசரை நீலப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். பம்ப் விழுந்து வளையம் குளிர ஆரம்பித்தால் எல்லா ஒத்ததிர்வும் நீலப் பக்கம் நகரும், அப்போது துணை லேசரின் ஒத்ததிர்வு தானாகவே துணை லேசரை நோக்கி வரும், துணை ஒளி அதிகமாக உள்ளே போகும், விழுந்த சூட்டை அது நிரப்பும். யாரும் எதையும் திருகத் தேவையில்லை, எலக்ட்ரானிக்ஸும் இல்லை, வளையம் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது. தராசின் இன்னொரு தட்டில் கல் வைத்த மாதிரி.

துணை லேசரை எந்த முறையில் வைப்பது என்று யோசிக்கும்போதுதான் சிரிப்பு வந்தது. டிஇயில் வைத்தால் 4, 5 மில்லிவாட் தாண்டியதும் அதுவே தனியாக ஒரு சீப்பு போட ஆரம்பித்துவிடும். பல்லே முளைக்காத, ஆனால் ஒளியை நன்றாக உள்ளிழுக்கிற ஒரு முறை வேண்டும். இரண்டு வாரம் என்னை அலைக்கழித்த அந்த டிஎம் வரிசைதான் அது. துடுப்பு நிலைகூடக் குறித்து வைத்திருந்தேன்.

இருபுறமும் சர்க்குலேட்டர் (எதிரெதிரே வரும் ஒளியைத் தனித்தனி வாசலுக்கு அனுப்பும் கருவி) போட்டு, துணை ஒளி பம்பின் பெருக்கிக்குள் நுழையாமலும் பம்ப் ஒளி துணை லேசருக்குள் நுழையாமலும் பார்த்துக்கொண்டேன், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். துணை லேசரை 1562 நானோமீட்டர் பக்கத்து டிஎம் ஒத்ததிர்வில் நிறுத்தி, சிப்புக்குள் 80 மில்லிவாட் வரும்படி வைத்து, பம்பை மெதுவாக, நிஜமாகவே கையால் குமிழைத் திருகி ஓட்டினேன். முக்கோணத்தின் சாய்வு கிட்டத்தட்ட காணாமல் போயிருந்தது. மேடு வந்தது, இரைச்சல் வந்தது, அப்புறம் சட்டென்று ஒரு படி, அந்தப் படி அங்கேயே நின்றது. கையை எடுத்தேன், நின்றது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், நின்றுகொண்டே இருந்தது.

ஸ்பெக்ட்ரத்தில் மேலும் கீழுமாக அலையடித்த வடிவம் தெரிந்தது, வளையத்துக்குள் ஒன்றல்ல, பல சாலிட்டான்கள் சுற்றுகின்றன என்று அர்த்தம். ஒன்றாக்க வேண்டும். பம்பை மெல்லத் திரும்ப நீலப் பக்கம் கொண்டுவந்தால் ஒவ்வொன்றாக உதிரும் என்று 2017இல் ஒரு குழு காட்டியிருக்கிறது. நான் திருப்பினால் எல்லாம் மொத்தமாக உதிர்ந்தது. நான்கைந்து முறை இப்படியே ஆன பிறகுதான் புரிந்தது, ஒன்று உதிரும்போது வளையம் துளி குளிர்ந்து ஒத்ததிர்வு நகர்கிறது, அந்தச் சின்ன நகர்வுதான் மிச்சமிருப்பவற்றைக் காப்பாற்றுகிறது. நானோ துணை லேசரை வைத்து அந்த நகர்வையும் சேர்த்து அழித்துவைத்திருக்கிறேன். இத்தனை நாள் எதிரியாக நினைத்த சூடு இங்கே கொஞ்சம் தேவைப்படுகிறது! துணை சக்தியை 80இலிருந்து 55க்கு இறக்கிப் பார்த்தேன். சாலிட்டான் பிறப்பதும் கெடவில்லை, திரும்பி வரும்போது சீப்பின் சக்தி ஐந்து, நான்கு, மூன்று என்று படிப்படியாக இறங்கியது. கடைசிப் படியில் ஸ்பெக்ட்ரம் வழவழவென்று மணி வடிவத்துக்கு வந்து நின்றது. அதன்மேல் சாலிட்டானுக்குரிய செக் வர்க்க (sech²) வளைவைப் போட்டுப் பார்த்தேன், பம்ப் பல்லையும் அந்த வெட்டுப்பட்ட இரண்டு பல்லையும் விட்டால் மற்றவை வளைவின் மேலேயே உட்கார்ந்திருந்தன.

98.8 ஜிகாஹெர்ட்ஸ் துடிப்பை நேரடியாகப் பார்க்கிற ஃபோட்டோடையோடு என்னிடம் இல்லை. அதனால் பக்கத்துப் பற்கள் இரண்டை மட்டும் வடிகட்டி, 16.4 ஜிகாஹெர்ட்ஸில் ஓட்டும் ஃபேஸ் மாடுலேட்டருக்குள் விட்டேன். அது ஒவ்வொரு பல்லின் இருபுறமும் அதே இடைவெளியில் பக்கப்பட்டைகளை முளைக்க வைக்கும். ஒரு பல்லின் மூன்றாவது மேல் பக்கப்பட்டையும் அடுத்த பல்லின் மூன்றாவது கீழ் பக்கப்பட்டையும் நடுவில் நெருங்கி நிற்கும், ஆறு மடங்கு 98.4, மிச்சம் 400 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு ஒல்லியான கோடு. கேயாஸ் நிலையில் இதே இடத்தில் ஒரு மண்மேடுதான் தெரியும். வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் ஸ்பெக்ட்ரம் படத்தை மட்டும் காட்டி யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

பிறக்க வைத்தாயிற்று, வளர்க்க வேண்டுமே. சும்மா விட்டால் இருபது முப்பது நிமிஷத்தில் லேசர் நகர்ந்து சாலிட்டான் போய்விடும். சீப்பின் சக்தியைப் பார்த்து விலகலைச் சரிசெய்யும் ஒரு பின்னூட்டச் சுற்று கட்டினேன். லேசர் சிவப்புப் பக்கம் விலக விலகத் துடிப்பு ஒல்லியாகி, உயரமாகி, சீப்பின் சக்தி கூடும், அதுதான் பிடிமானம். லேசரின் பியசோவில் மாட்டினேன், நன்றாக வேலை செய்தது. அப்புறம் லேசரைத் தொடாமல் ஹீட்டரை வைத்தே பிடிக்கலாமே என்று ஆசைப்பட்டு, கம்பியைப் பியசோவிலிருந்து பிடுங்கி ஹீட்டரில் மாட்டினேன். சுற்றை ஆன் செய்த அந்த நொடியே சாலிட்டான் செத்தது. பத்து முறை. பெருக்கத்தைக் குறைத்தேன், இன்னும் மெதுவாகச் செத்தது. காரணம் அந்த ஒட்டுத்தாளிலேயே இருந்தது: லேசரைச் சிவப்புக்குத் தள்ளுவதும் ஹீட்டரை ஏற்றுவதும் நேர் எதிர் வேலை. சக்தி குறைந்தால் ஹீட்டரை இறக்க வேண்டும், நான் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சுவிட்சைத் திருப்பியதும் சரியானது, அரை நாள் போனது போனதுதான்.

அதன்பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. இது கொஞ்சம் நுணுக்கமான வியாதி. சாவதற்கு முன்வரை சீப்பின் சக்தி கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும், எந்த அறிகுறியும் தெரியாது, திடீரென்று பூஜ்யம். பின்னூட்டச் சுற்றின் வெளியீட்டைப் பதிவுசெய்து பார்த்ததும்தான் வெளிச்சம் வந்தது. சீப்பின் சக்தி நேராக இருந்ததே தவிர, அதை நேராக வைத்திருக்க ஹீட்டர் மின்னழுத்தம் மூன்று மணி நேரமாக ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருந்தது. லென்ஸ் ஃபைபர் நூறு நானோமீட்டர் கணக்கில் விலகி, உள்ளே போகும் பம்ப் சக்தி குறைந்துகொண்டே வர, சுற்று அதை ஈடுகட்ட விலகலைக் கூட்டிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் எல்லை வந்து விழுகிறது. அந்த எல்லையும் பம்ப் சக்தியோடு சேர்ந்து சுருங்குகிறது என்பதால் இரண்டு பக்கமும் அடி. சுற்று நோயைக் குணப்படுத்தவில்லை, காய்ச்சலை மட்டும் மறைத்தது. பின்னூட்டம் போடுகிற யாரும் அதன் வெளியீட்டைக் கூடவே பதிவு செய்யாமல் விடக்கூடாது என்பது என் கட்சி.

ஃபைபர் ஏன் விலகியது? ஸ்டேஜுக்கு நேர் கீழ்த் தட்டில் எர்பியம் பெருக்கியை வைத்திருந்தேன். அதன் விசிறி சூடான காற்றை மேலே ஊதிக்கொண்டிருந்தது, அலுமினிய ஸ்டேஜ் மெல்ல விரிந்துகொண்டிருந்தது. பெருக்கியை அடுத்த மேசைக்கு மாற்றி, சிப்பைச் சுற்றி அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்தேன். அவ்வளவுதான். முதலில் சிப்புக்குள் சூடு, பிறகு ஹீட்டரில் சூடு, கடைசியில் காற்றில் சூடு. நேற்று மாலை ஏழு மணிக்கு ஆன் செய்தது காலை ஒன்பதுக்கு நானே அணைக்கும்வரை நின்றது, ஹீட்டர் மின்னழுத்தம் அந்தப் பதினான்கு மணி நேரத்தில் நான்கு மில்லிவோல்ட்தான் நகர்ந்திருந்தது.

இரண்டு லேசர், ஒரு பெருக்கி, இரண்டு சர்க்குலேட்டர் என்று மேசை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு சிப்பில் சீப்பு என்று சொல்வது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. லேசர் டயோடையே சிப்பின் விளிம்பில் ஒட்டவைத்து, வளையத்திலிருந்து திரும்பும் துளி ஒளியால் டயோடைப் பூட்டி, சுவிட்சைப் போட்டதும் சாலிட்டான் வருகிற ஏற்பாட்டை 2020இலேயே செய்து காட்டிவிட்டார்கள். பெருக்கியும் வேண்டாம், துணை லேசரும் வேண்டாம். ஆனால் டயோடின் சில பத்து மில்லிவாட்டில் அது நடக்க க்யூ கோடிக்கு மேல் வேண்டும், என் வளையத்தின் 32 லட்சம் போதாது. புது சிப் வந்திருக்கிறது, டயோடும் பெட்டியில் தயாராகக் கிடக்கிறது. டயோடின் சூடு சிப்புக்குத் தாவாமல் இரண்டுக்கும் தனித்தனி பெல்டியர் எப்படி ஒட்டுவது என்று இப்போது தகடு வெட்டிக்கொண்டிருக்கிறேன்.